சிறுநீர் திடீரென நின்றுபோனால்: ஏன் வந்தது, ஏன் இன்று வந்தது

சிறுநீர்ப்பை நிரம்பி முட்டுகிறது, ஆனால் எவ்வளவு முக்கினாலும் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை என்ற நிலை, வயது முதிர்ந்த ஆண்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் நேரும் அவசரங்களிலேயே மிகப் பரவலானது. பெண்களுக்கும் இது வரலாம் என்றாலும், ஆண்களுக்கு வருவது அதைவிடப் 10 மடங்குக்கும் அதிகம். 70 வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவரும், 80 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 3 பேரில் ஒருவரும் 5 ஆண்டுக் காலத்துக்குள் ஒருமுறையாவது இதைச் சந்திக்கிறார்கள் என்பது மருத்துவத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இவ்வளவு பரவலாக இருந்தும், நெஞ்சுவலியைப் பற்றியும் பக்கவாதத்தைப் பற்றியும் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி வீடுகளில் யாரும் பேசுவதில்லை. வந்த பிறகும் பல மணி நேரம் வாய்விட்டுச் சொல்லாமல் தவிக்கிறவர்களே அதிகம்.

என் மாமனாருக்கு இது வந்தபோது அவருடன் கூடவே இருந்தவன் நான். அவசர சிகிச்சைப் பிரிவில் தொடங்கி, சிறுநீரை வடிக்கப் பைக்குள் செலுத்திய ட்யூபை எடுத்த நாள் வரையிலும் அதற்குப் பின்னரும், மருத்துவர்கள் கேட்ட கேள்விகளையும் செய்த பரிசோதனைகளையும் பக்கத்திலிருந்து பார்த்ததில், அவை எல்லாமே இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகின்றன என்று எனக்குப் புரிந்தது. வழி ஏற்கெனவே எங்கே குறுகியிருந்தது என்பது முதல் கேள்வி. இத்தனை நாளும் எப்படியோ போய்க்கொண்டிருந்த சிறுநீர் இன்று ஏன் நின்றது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியோடு நின்றுவிட்டால் அறுவை சிகிச்சைக்குத் தேவையில்லாமல் அவசரப்பட நேரலாம். இரண்டாவதோடு நின்றுவிட்டால் சில மாதங்களில் அதே கட்டிலுக்குத் திரும்பி வர நேரலாம். இரண்டு விடைகளிலும் பெரும்பகுதி ஸ்கேனில் தெரியாது, நோயாளியும் வீட்டாரும் வாய்திறந்து சொன்னால்தான் தெரியும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

மாமாவுக்கு அப்போது எழுபதை ஒட்டிய வயது. சில ஆண்டுகளாகவே இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போவார். கழிவறையில் நெடுநேரம் நிற்பார். நீர் மெல்லிய தாரையாக வந்து, விட்டு விட்டுப் போகும் என்பதும், போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோலவே தோன்றும் என்பதும் பின்னால் மருத்துவர் துருவிக் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரியவந்தன. வயதானால் அப்படித்தான் என்று அவர் அதை ஒரு நோயாக எண்ணியதே இல்லை. அந்த வாரம் அவருக்குக் கடுமையான சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். சரியாகச் சாப்பிடாமல் படுத்தே கிடந்ததில் மலமும் இறுகிப்போயிருந்தது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது நீர் வரவில்லை. தண்ணீர் போதவில்லை போலும் என்று மேலும் மேலும் குடித்தார். மனைவியிடமும் மகளிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, மாலையில் என்னை அறைக்குள் அழைத்து, “மாப்பிள்ளை, காலையிலிருந்து ஒன்னுக்கே வரலை. அடிவயிறு வெடிச்சிடும் போல இருக்கு, உட்காரவும் முடியலை, படுக்கவும் முடியலை” என்றார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

முதலில் பக்கத்திலிருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனோம். “காலையிலிருந்து யூரின் போகவில்லை” என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு, உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருக்கும் என்று கருதிக் கையில் ஊசி ஏற்றி சலைன் போட்டார்கள். வலி இன்னும் கூடியது. வேறு இடத்துக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் இதிலுள்ள வேறுபாடு விளங்கியது. சிறுநீர் போகாமல் இருப்பதற்கு முற்றிலும் வேறான இரண்டு நிலைகள் உண்டு. சிறுநீரகம் நீரைப் பிரிக்கவே இல்லை என்றால் சிறுநீர்ப்பை வெறுமையாக இருக்கும். அடிவயிறு இளக்கமாக இருக்கும், போக வேண்டும் என்ற உந்துதலும் இருக்காது. நீர் பிரிந்து பையில் சேர்ந்தும் வெளியேற வழியில்லை என்றால், தொப்புளுக்குக் கீழே வீங்கி, தொட்டாலே வலித்து, போயே ஆக வேண்டும் என்ற தவிப்பு விடாமல் இருக்கும். இந்த இரண்டாம் நிலையில் குடிக்கிற தண்ணீர், ஏற்றுகிற சலைன், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை எல்லாமே ஏற்கெனவே நிரம்பி வழிகிற பையில் மேலும் நீரைச் சேர்க்கும். ஆகவே மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம், “முட்டுகிறது, ஆனால் வரவில்லை” என்பதுதான். “யூரின் போகவில்லை” என்று மட்டும் சொன்னால், பரபரப்பான ஓர் இடத்தில் அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட வாய்ப்பு மிகுதி.

அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்த மருத்துவர், எந்தக் கருவியையும் எடுக்கும் முன் கையால்தான் பரிசோதித்தார். மாமாவின் வயிற்றில் இடது கை நடுவிரலைப் பதித்து, வலது கை விரல் நுனியால் அதன்மேல் தட்டிக்கொண்டே மேலிருந்து கீழே இறங்கினார். மேல்வயிற்றில் உள்ளே காற்றிருப்பது போல ஒலித்தது, கீழே வர வர மந்தமானது. ஒலி மாறிய இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். அது தொப்புளுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. அந்தக் கோட்டிலிருந்து கீழே முழுக்கச் சிறுநீர்ப்பைதான் என்றார். சாதாரணமாக 400 முதல் 500 மில்லி சேர்ந்தாலே போக வேண்டும் என்று முட்டுகிற பை, இடுப்பெலும்புக்குள் அடங்கியிருப்பது. அது தொப்புளை நெருங்குகிற அளவுக்கு மேலேறியிருந்தது. பிறகு சிறிய அல்ட்ராசவுண்டு கருவியை வைத்து உறுதிசெய்துகொண்டார். உடல் பருத்தவர்களுக்குக் கையால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் அவர்களுக்கு இந்த ஸ்கேன் மிகவும் தேவை. நினைவு தடுமாறும் முதியவர்கள் வலியைச் சொல்லவே மாட்டார்கள். காரணமில்லாமல் அமைதியின்றிப் புரள்வதும், உளறுவதும், ஆடையைப் பிடித்து இழுப்பதுமே அறிகுறிகளாக இருக்கலாம். அத்தகையவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அடிவயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்ப்பது அவசியம்.

சொட்டுச் சொட்டாக நீர் வருகிறதே, அப்படியானால் அடைப்பு இல்லையே என்ற எண்ணமும் பலரை ஏமாற்றுகிறது. பை தாங்க முடியாத அளவுக்கு நிரம்பும்போது கொஞ்சம் கொஞ்சமாக வழியும். உள்ளாடை நனைவதையும், படுக்கையில் தன்னையறியாமல் போய்விடுவதையும் கட்டுப்பாடு இழந்த நிலை என்று எண்ணி அதற்கு மாத்திரை கொடுத்தால், அந்த மாத்திரை பையின் சுருங்கும் திறனை மேலும் குறைத்துவிடும். வலியே இல்லாமல் மாதக்கணக்கில் நீர் தேங்கிக்கொண்டிருக்கும் வகையும் ஒன்று உண்டு. அதில் தவிப்பு இருக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. பின்னழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்கள் பழுதடைந்த பிறகே இரத்தப் பரிசோதனையில் தெரியவரும். வயதான ஆண் ஒருவர் இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினால், முதலில் பையில் எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்று அந்த மருத்துவர் அழுத்திச் சொன்னார்.

ட்யூப் போடுவதற்கான தட்டைச் செவிலியர் தயார்செய்துகொண்டிருந்த சில நிமிடங்களுக்குள் மருத்துவர் கேள்விகளை அடுக்கினார். கடைசியாக எப்போது நன்றாகப் போனது? இதற்கு முன் இப்படி நின்றதுண்டா? தாரை எப்போதிலிருந்து மெலிந்தது? இரத்தம் கலந்து வந்ததா? காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இருந்ததா? முதுகுவலி, காலில் பலவீனம், மரத்துப்போதல் உண்டா? இதற்கு முன் ட்யூப் போட்டிருக்கிறார்களா, அந்தப் பகுதியில் அடிபட்டதுண்டா? சர்க்கரை நோய் உண்டா? மலம் கழித்து எவ்வளவு நேரமாயிற்று? புதிதாக என்ன மருந்து சாப்பிடுகிறார்? கடைசிக் கேள்விக்கு மாமா, “மருந்தெல்லாம் ஒண்ணுமில்லை டாக்டர், வெறும் சளி மாத்திரைதான்” என்றார். மருத்துவர் உடனே அந்த அட்டையைக் கேட்டார். சட்டைப் பையில் பாதி காலியான அட்டை இருந்தது. அதைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்த பெயர்களைப் படித்துவிட்டு, “இன்று ஏன் நின்றது என்பதற்கு விடை இதில் இருக்கிறது” என்றார்.

அந்த அட்டையில் இருந்தவை, மூக்கடைப்பை நீக்கும் ஃபினைல்எஃப்ரின் என்ற மருந்தும், மூக்கு ஒழுகுவதை நிறுத்தும் குளோர்ஃபெனிரமின் என்ற மருந்தும். முதலாவது மூக்கிலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதே விதமாகச் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியிலும், அதற்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலும் உள்ள தசைகளையும் இறுக்குகிறது. இரண்டாவது, சிறுநீர்ப்பையின் தசை சுருங்கி நீரை வெளியே தள்ளும் விசையைக் குறைக்கிறது. வாசலும் இறுகி, தள்ளும் விசையும் குறைந்தால், ஏற்கெனவே குறுகிய வழியில் நீர் எப்படி இறங்கும்? இளைஞர்கள் இதே மாத்திரையை எந்தத் தொல்லையுமின்றிச் சாப்பிட்டுவிடுகிறார்கள். புராஸ்டேட் வீங்கிய ஒருவருக்கு அதுவே கடைசித் தள்ளலாகிவிடுகிறது. சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகளும் அப்படியே. வயிற்றுப் பிடிப்புக்குக் கொடுக்கும் டைசைக்ளோமின், ஹயோசின். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின். நடுக்க நோய்க்கான ட்ரைஹெக்சிஃபெனிடில். டிரமடால், கோடீன் போன்ற வலி நிவாரணிகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வருகின்றன. இவற்றுள் எதையும் தானாக நிறுத்தச் சொல்லவில்லை. சிறுநீர் தாரை மெலிந்திருப்பதை மருந்து எழுதும் மருத்துவரிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் முன்கூட்டியே சொன்னால், அவர்கள் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

மருந்தைத் தவிர வேறு தூண்டுதல்களும் இருக்கின்றன. மலக்குடலில் இறுகிய மலம் அடைத்திருந்தால் அது முன்னாலிருக்கும் சிறுநீர்ப் பாதையை அழுத்தும். மாமாவுக்கு அதுவும் சேர்ந்துகொண்டது. குடலிறக்கம், மூலம் போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று, முதுகில் போட்ட மயக்க ஊசியாலும் வலியாலும் வலி மருந்துகளாலும் நீர் நிற்பது சாதாரணமாகக் காணப்படுவதுதான். மிதமிஞ்சி மது அருந்தும்போது நீர் வேகமாகச் சேர்வதும் உணர்வு மங்குவதும் ஒன்றுசேர்ந்து பையை அளவுக்கு மீறி விரித்துவிடுகின்றன. நெடுநேரம் அடக்கி வைப்பதும் அப்படித்தான். இத்தகைய வெளிப்படையான தூண்டுதல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு அகற்றப்பட்டால், ட்யூப் எடுத்த பின் தானாகவே நீர் போவதற்கான வாய்ப்பு கூடும் என்பதும், எந்தத் தூண்டுதலும் இல்லாமல் தானாக நின்றிருந்தால் மீண்டும் நிற்க வாய்ப்பு அதிகம் என்பதும் மருத்துவர் எங்களுக்குச் சொன்னவை. அவர் அந்த மாத்திரை அட்டையைத் தேடியதற்கு அதுவே காரணம்.

ட்யூப் போடுவதைப் பற்றிப் பயந்தே பலர் மருத்துவமனைக்கு வரத் தாமதிக்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லியைச் சிறுநீர்த் துவாரத்தில் செலுத்தி, அது வேலை செய்யச் சில நிமிடங்கள் காத்திருந்தார்கள். பிறகு மெல்லிய ட்யூப் உள்ளே போனபோது மாமா முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். நீர் ட்யூபின் வழியே வெளியே தொங்கிய சேகரிப்புப் பையில் இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் அவருடைய தோள்கள் தளர்ந்து, மூச்சு சீரானது. அதுவரை என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை விட்டார். முதல் கால் மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்பதைச் செவிலியர் தாளில் குறித்தார். 800 மில்லிக்குச் சற்று மேல் இருந்தது. அந்த எண்ணும் நோயறிதலின் ஒரு பகுதி. 200 மில்லிக்கும் குறைவாக வந்தால், அடைப்பு என்ற கணிப்பையே மறுபடி யோசிக்க வேண்டும். 1,000 மில்லியைத் தாண்டினால், பை நீண்ட காலமாகவே விரிந்து வந்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். நீரை மொத்தமாக வெளியேற்றக் கூடாது, இடையிடையே ட்யூபை மூட வேண்டும் என்ற பழைய வழக்கத்தை வைத்து நான் கேட்டேன். படிப்படியாக வடிப்பதில் தனிப் பலன் எதுவும் இல்லை என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் காட்டிவிட்டன என்றார் மருத்துவர்.

ட்யூப் போட்டு முடித்ததும் செவிலியர் செய்த ஒரு சிறு செயலை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பின்னுக்குத் தள்ளியிருந்த முன்தோலை மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிட்டார். அதை அப்படியே விட்டுவிட்டால் தோல் வளையமாக இறுகி, முனை வீங்கி, இரத்த ஓட்டம் தடைப்படும். அதுவே இன்னோர் அவசரமாகிவிடும். வீட்டில் ட்யூபுடன் இருப்பவரைக் குளிப்பாட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லோருக்கும் ட்யூப் இப்படி எளிதாகப் போய்விடாது. முன்பு அடிபட்டதாலோ, பால்வினைத் தொற்றாலோ, பழைய ட்யூபாலோ சிறுநீர்த் தாரையின் பாதையில் தழும்பு விழுந்து சுருங்கியிருந்தால், ட்யூப் பாதியிலேயே நின்றுவிடும். இளம் வயதினருக்கு அடைப்பு வரும்போது இந்தச் சுருக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். அப்போது வலுக்கட்டாயமாகத் தள்ளாமல், அடிவயிற்றின் வழியே நேரடியாகப் பைக்குள் ஒரு குழாயைச் செலுத்துவார்கள். விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து, துவாரத்தின் நுனியில் இரத்தம் தெரிந்தால், சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பாதை அறுந்திருக்கிறதா என்று பார்க்காமல் கீழ்வழியாக ட்யூப் போடக் கூடாது. பையில் இரத்தம் கட்டிகளாக உறைந்து வழியை அடைத்திருந்தால் சாதாரண ட்யூப் போதாது. நீர் உள்ளே போகவும் வெளியே வரவும் தனித்தனி வழியுள்ள பெரிய ட்யூபைப் போட்டுக் கழுவி எடுக்க வேண்டும். சிறுநீர்ப்பைக் கல் உருண்டு வந்து வாயில் அடைப்பதும் உண்டு.

இவை எல்லாம் இருந்தாலும், முதிய ஆண்களில் முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் புராஸ்டேட் வீக்கமே. சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்ப் பாதையைச் சுற்றி அமைந்த இந்தச் சுரப்பி, இளம் வயதில் 20 கிராம் அளவில் இருந்து, வயது ஏற ஏறப் பெருக்கிறது. புற்றுநோய் அல்லாத இந்த வளர்ச்சியை ஈடுகட்டச் சிறுநீர்ப்பைத் தசை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக உழைத்துத் தடித்துப்போகிறது. சுரப்பியின் அளவை மட்டும் வைத்து அடைப்பின் தீவிரத்தைச் சொல்ல முடியாது என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. சிறிதாக இருந்தும் உள்நோக்கி வளர்ந்து வழியை அடைப்பது உண்டு, பெரிதாக இருந்தும் தொல்லை தராதது உண்டு. காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் புராஸ்டேட்டில் தொற்று ஏற்பட்டிருக்கலாம். அந்த நிலையில் சுரப்பியை அழுத்திப் பிசைந்து பரிசோதித்தால் கிருமிகள் இரத்தத்தில் கலக்கும் ஆபத்து இருப்பதால், மிக மென்மையாகவே தொட்டுப் பார்ப்பார்கள்.

ஆசனவாய் வழியாக விரலால் செய்யும் பரிசோதனைக்கு மாமா முதலில் மறுத்தார். அந்த ஒரு பரிசோதனையில் மூன்று செய்திகள் கிடைக்கின்றன என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார். மலம் இறுகி அடைத்திருக்கிறதா, புராஸ்டேட் வழவழப்பாக வீங்கியிருக்கிறதா அல்லது கல்போல முடிச்சுகளுடன் இருக்கிறதா, ஆசனவாய்த் தசையின் இறுக்கம் சரியாக இருக்கிறதா என்பவை அந்த மூன்று. மூன்றாவது எதற்கு என்று நான் கேட்டேன். முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்கினாலும் சிறுநீர் நிற்கும். அப்போது இந்தத் தசை தளர்ந்திருக்கும் என்றார். கடுமையான முதுகுவலி, கால்களில் பலவீனம், உட்காரும்போது இருக்கையில் படும் பகுதியில் மரத்துப்போதல் ஆகியவற்றோடு சிறுநீரும் நின்றால், வயது எதுவாக இருந்தாலும் அன்றே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். நசுங்கல் உறுதியானால் அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய நேரும். ட்யூப் போட்டதும் வலி தீர்ந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கால்களின் இயக்கமே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். சர்க்கரை நோயால் நரம்பு பழுதடைந்தவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும் பை சுருங்கும் திறன் குறைவதால் நீர் தேங்கும்.

இரத்தத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், சோடியம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்தார்கள். சிறுநீரைத் தொற்றுக்காகப் பரிசோதித்தார்கள். இரண்டு சிறுநீரகங்களும் பின்னழுத்தத்தால் வீங்கியிருக்கின்றனவா என்று ஸ்கேன் செய்தார்கள். புற்றுநோய் பயத்தில், புராஸ்டேட் தொடர்பான பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துவிடலாமே என்று என் மனைவி கேட்டாள். நீர் அடைத்திருந்தாலும், ட்யூப் போட்டாலும், தொற்று இருந்தாலும் அந்த அளவு தானாகவே உயர்ந்துவிடும். இப்போது எடுத்தால் அந்த எண் எங்களை வீணாகக் கலங்க வைக்கும். சில வாரங்கள் கழித்து எல்லாம் தணிந்த பிறகு எடுப்பதே சரி என்று மருத்துவர் மறுத்துவிட்டார். அவசரத்தில் எடுத்த பிஎஸ்ஏ அறிக்கையைப் பிடித்துக்கொண்டு உறக்கமிழந்த குடும்பங்கள் பல இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கிரியேட்டினின் சற்று உயர்ந்திருந்ததால் மாமாவை உள்நோயாளியாக வைத்துக்கொண்டார்கள். நெடுநாள் அடைப்பு நீங்கியதும் சிலருக்குச் சிறுநீரகங்கள் கட்டுமீறி நீரைப் பிரித்துத் தள்ளும். மணிக்கு 200 மில்லிக்கு மேல் தொடர்ந்து போனால் உடலில் நீரும் உப்புகளும் குறைந்து மயக்கம்கூட வரலாம். அதற்காக மணிக்கு மணி வடிந்த நீரின் அளவைக் குறித்தார்கள். அவருக்கு அப்படி நேரவில்லை, கிரியேட்டினினும் இறங்கிவிட்டது. வடிந்த நீர் முதலில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தபோது நாங்கள் பதறினோம். விரிந்திருந்த பை சுருங்கும்போது மெல்லிய இரத்தக் குழாய்களில் இலேசாகக் கசிவது பெரும்பாலும் தானே நின்றுவிடும், கட்டிகளாக வந்தாலோ ட்யூப் அடைத்துக்கொண்டாலோ உடனே அழையுங்கள் என்றார்கள்.

ட்யூபுடன் வீட்டில் இருந்த நாட்களில் கற்றுக்கொண்டவை ஏராளம். சேகரிக்கும் பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. படுக்கும்போது குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேகரிக்கும் பையில் நீர் சேராமல் அடிவயிறு வலித்தால் முதலில் பார்க்க வேண்டியதும் அந்த மடிப்பைத்தான். குழாயைத் தொடையில் ஒட்டி நிறுத்தினால் இழுபடாது. உள்ளே நீர் நிரப்பிய சிறிய பலூன் ஒன்றுதான் ட்யூபைப் பிடித்து வைத்திருக்கிறது. குழப்பத்தில் யாரேனும் ட்யூபைப் பிடுங்கினால் பலூன் பாதையைக் கிழித்துக்கொண்டு வரும். இடையிடையே அடிவயிற்றில் சுரீரென்று பிடித்து, ட்யூபின் ஓரமாக நீர் கசிந்தது. பை தன்னுள் இருக்கும் அந்நியப் பொருளை வெளித்தள்ள முயல்வதால் வரும் இழுப்பு அது. ஆனால் காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கல் மீண்டும் வராமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையின் பகுதியே என்பதால் அதற்கும் மருந்து கொடுத்திருந்தார்கள்.

ட்யூப் போட்ட அன்றே டாம்சுலோசின் என்ற மாத்திரையைத் தொடங்கினார்கள். சளி மாத்திரை எந்தத் தசைகளை இறுக்கியதோ, அதே தசைகளைத் தளர்த்துவது இதன் வேலை. இரண்டு மூன்று நாட்களாவது இது உடலில் சேர்ந்த பிறகு ட்யூபை எடுத்துப் பார்த்தால் தானாகப் போகும் வாய்ப்பு கூடுகிறது. வயது 70-க்கு மேல், முதலில் வடிந்த நீர் 1,000 மில்லிக்கு மேல், பெரிய புராஸ்டேட் ஆகியவை இருந்தால் வாய்ப்பு குறைவு. மாமாவின் ட்யூபைக் காலையில் எடுத்து, அளவாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஒவ்வொரு முறை போவதையும் அளவுக் குவளையில் பிடித்துக் குறிக்கச் சொன்னார்கள். முதல் முறை போனபோது எரிச்சல் இருந்தது, அளவும் குறைவு. பிற்பகலில் தாரை சீரானது. போன பிறகு பையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்து, குறைவாக இருந்ததால் வீட்டுக்கு அனுப்பினார்கள். தோல்வியடைந்திருந்தால் மீண்டும் ட்யூப் போட்டு மற்றொரு முறை முயன்றிருப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் புராஸ்டேட்டை உட்புறமாகச் சுரண்டி எடுக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசியிருப்பார்கள். முன்கூட்டியே இதை விளக்கியதால் நாங்கள் பதற்றமின்றி இருந்தோம்.

முதல் கேள்வியை அதோடு விட்டுவிடவில்லை. சில வாரங்கள் கழித்து எடுத்த பிஎஸ்ஏ வயதுக்குரிய வரம்புக்குள் இருந்தது. புராஸ்டேட் பெரிதாக இருந்ததால், அதை மெல்லச் சுருக்கும் டூடாஸ்டரைட் மாத்திரையையும் சேர்த்தார்கள். அதன் முழுப் பலன் தெரிய ஏறத்தாழ 6 மாதம் ஆகும். அதைச் சாப்பிடும்போது பிஎஸ்ஏ அளவு பாதியாகக் குறைந்து தெரியும் என்பதால், பின்னால் எடுக்கும் அறிக்கைகளைப் பார்க்கிற மருத்துவரிடம் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கணிப்பு பிழையாகும். டாம்சுலோசின் தொடங்கிய புதிதில் எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வந்தது. படுக்கும் முன் போட்டுக்கொண்டு, இரவில் எழும்போது கட்டிலின் ஓரத்தில் சற்று உட்கார்ந்த பிறகு நிற்கப் பழகியதும் சரியானது. மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி மாமா தம் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், சளி மாத்திரை வாங்கப் போனாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறார். அவருக்கு இப்போது கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்கு அறுவையின்போது கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்ற படலம் தளர்ந்து சிக்கல் தரக்கூடும் என்பதால், கண் மருத்துவரிடமும் அந்தத் தாளை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.